சிறிய டிராக்டருக்கு வீட்டிலேயே பல பயன் டிரெய்லர்: இருசை எங்கே வைப்பது, பெட்டியை எவ்வளவு உயரம் கட்டுவது?

ஆனைமலைத்தோப்பு:

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்களுக்கு ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பும் அதை ஒட்டிக் கொஞ்சம் தீவனப்புல் நிலமும் உள்ளன. உழவுக்கு 20 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர் இருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 850 கிலோ. இதற்குப் பொருத்தமாக ஒற்றை இருசு (இரு சக்கரங்களையும் தாங்கும் அச்சு) கொண்ட டிரெய்லர் ஒன்றை வீட்டுப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறேன். தேங்காயும் மட்டையும் களத்துக்குக் கொண்டுவர, தொழுவுரம் அடிக்க, தோப்பு வீட்டு வேலைக்கு எம்.சாண்ட் ஏற்ற, கோடையில் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோக, எப்போதாவது ஆடுகளை மேய்ச்சல் நிலத்துக்கு மாற்ற என்று எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி பயன்பட வேண்டும்.

200 ஆம்பியர் வெல்டிங் இயந்திரம், கிரைண்டர், துளையிடும் இயந்திரம் ஆகியவை கைவசம் உள்ளன. என் மைத்துனருக்கு வெல்டிங் நன்றாகத் தெரியும். 8 அடி நீளம், 5 அடி அகலத்தில் 75 மி.மீ. சேனலால் (‘ப’ வடிவ இரும்பு) சட்டம் கட்டி, மேலே 3 மி.மீ. தகடு போட்டு, நான்கு பக்கமும் ஒன்றரை அடி உயரத்துக்குத் தகட்டையே நிரந்தரமாக வெல்டு செய்து பெட்டியாக்குவது என் திட்டம். பாரம் இரு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று இருசைப் பெட்டியின் நட்டநடுவில் வைக்க நினைக்கிறேன். பழைய இரும்புக் கடையில் ஜீப்பின் பின் அச்சு ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறேன். வெட்டத் தொடங்குவதற்கு முன்பு, இதில் மாற்ற வேண்டியவை இருந்தால் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நாமக்கல்பட்டறை:

வணக்கம் நண்பரே. மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். இருசை நடுவில் வைக்கும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பார வண்டி ஓட்டிய பெரியவர் எவரைக் கேட்டாலும் முன்பாரம், பின்பாரம் என்ற கணக்கைச் சொல்வார். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி மாட்டோடு ஒட்டி வரும். டிராக்டருக்கும் இதே கணக்குதான். பின்பாரமான டிரெய்லர் கொக்கியை மேல்நோக்கித் தூக்குவதால் டிராக்டரின் பின்சக்கரத்தின் மீதுள்ள எடை குறைகிறது. இழுக்கவும் நிறுத்தவும் பிடிமானம் தருவது அந்தச் சக்கரம்தான் என்பதால், ஏற்றத்தில் சக்கரம் சுழன்றுகொண்டு நிற்கும், இறக்கத்தில் பிரேக் பிடித்தாலும் வழுக்கும்.

உங்கள் அளவுகளிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். மேடை 8 அடி. அதன் முன்விளிம்பிலிருந்து கொக்கித் துளை வரை இழுவைச் சட்டம் 4 அடி என்று வைத்துக்கொள்வோம். பாரத்தைச் சீராகப் பரப்பினால் அதன் மையம் கொக்கியிலிருந்து 8 அடியில் விழும். இருசை நடுவிலிருந்து ஓர் அடி பின்னுக்குத் தள்ளி, அதாவது கொக்கியிலிருந்து 9 அடியில் வைத்தால், மொத்த எடையில் ஒன்பதில் ஒரு பங்கு கொக்கி மீது இறங்கும். வண்டியும் பாரமும் சேர்ந்து 1,500 கிலோ என்றால் அது 167 கிலோ. அரை அடி மட்டுமே தள்ளினால் பதினேழில் ஒரு பங்கு, 88 கிலோ. நடுவிலேயே வைத்தால் ஒன்றுமில்லை. பின்னால் இரண்டு மூட்டை கூடுதலாகப் போட்டதும் கொக்கி தூக்கத் தொடங்கிவிடும். பாரம் எப்போதும் சீராக ஏறுவதில்லை என்பதால் நான் ஓர் அடிக்குக் குறைவாக வைப்பதில்லை.

இழுவைச் சட்டத்தை மேடையின் முன்குறுக்குச் சேனலோடு வெட்டி ஒட்டி நிறுத்திவிடாதீர்கள். 100 மி.மீ. சேனல் இரண்டை முன்னால் கூம்பி வரும்படி அமைத்து, மேடைக்கு அடியிலேயே இருசு வரை கொண்டுபோய், குறுக்கே கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் பிடித்து வெல்டு செய்ய வேண்டும். இழுப்பும் தள்ளலும் நேராக இருசுக்குப் போய்விடும். முன்குறுக்குச் சேனல் அவற்றைச் சுமக்க வேண்டியதில்லை. பழுதுக்கு வரும் டிரெய்லர்களில் நான் அதிகம் பார்ப்பது அந்த முன்மூலையில் விட்ட விரிசல்தான்.

ஓய்வுபெற்ற_பொறியாளன்:

மேலே சொன்ன இருசுக் கணக்கு முற்றிலும் சரியானது. நான் பெட்டியின் உயரத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். பல பயன் என்ற ஆசையில் பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான்.

8 அடி, 5 அடி, ஒன்றரை அடி என்றால் பெட்டியின் கொள்ளளவு 60 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்ற நம் ஊர் வழக்கப்படி அது அரை யூனிட்டுக்கும் மேல். ஈரமான எம்.சாண்ட் கன அடிக்கு ஏறத்தாழ 50 கிலோ இருக்கும் என்பதால், விளிம்பு வரை நிரப்பினால் 3,000 கிலோ ஆகிவிடும். உங்கள் டிராக்டரின் எடையோ 850 கிலோ. அதே பெட்டியில் காய்ந்து மக்கிய தொழுவுரத்தை நிரப்பினால், கன அடிக்கு 20 கிலோவுக்குள்தான் இருக்கும் என்பதால், 1,200 கிலோவைத் தாண்டாது. தேங்காயும் மட்டையும் இன்னும் லேசானவை. அவற்றுக்கு ஒன்றரை அடிச் சுவரே போதாது என்று உங்களுக்கே தோன்றும்.

ஆகவே நிரந்தரமான சுவர் எந்த உயரத்தில் இருந்தாலும் ஏதாவது ஒரு பொருளுக்கு அது தவறான உயரம்தான். 1,000 கிலோ பாரத்துக்கு வண்டியை வடிவமைக்கிறீர்கள் என்றால் எம்.சாண்ட் 20 கன அடிதான் ஏற்றலாம். 40 சதுர அடி மேடையில் அது அரை அடி உயரம். எனவே மேடையைத் தட்டையாகக் கட்டி, சுற்றிலும் சதுரக் குழாய்த் துண்டுகளைச் செங்குத்தாக வெல்டு செய்து, அவற்றில் செருகி எடுக்கும் பக்கச் சட்டங்களை இரண்டு வகையாகச் செய்துகொள்ளுங்கள். ஒன்று மணலுக்கும் கல்லுக்கும் அரை அடி உயரத் தகட்டுப் பலகை. மற்றொன்று தேங்காய்க்கும் தீவனத்துக்கும் ஆட்டுக்கும் மூன்று அடி உயரக் கம்பி வலைச் சட்டம். தொழுவுரம் அடிக்கும்போது வலைக்கு உள்ளே பழைய தார்ப்பாயை விரித்துக்கொள்ளலாம். மணல் ஏற்ற வந்த ஆள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அரை அடிப் பலகைக்கு மேல் அவரால் நிரப்ப முடியாது. கும்பாரமாகக் குவிப்பாரே என்றால், அதற்கு உரிமையாளர் பக்கத்தில் நிற்பதைத் தவிர வழியில்லை.

வண்டியின் சொந்த எடையையும் மறக்கக் கூடாது. இரும்புத் தகடு 1 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 3 மி.மீ. தகட்டில் உங்கள் மேடை மட்டும் 88 கிலோ வரும். சேனல், குறுக்கு ஆங்கிள், இருசு, சக்கரம், பக்கச் சட்டம் எல்லாம் சேர்த்தால் 400 கிலோவைத் தாண்டும். மொத்தத்தில் 1,400 முதல் 1,500 கிலோ என்று வைத்து டயரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 670 கிலோ சுமக்க வேண்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து அச்சிட்டிருக்கும் சுமைக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள்: 79 என்றால் 437 கிலோ, 85 என்றால் 515 கிலோ, 90 என்றால் 600 கிலோ, 100 என்றால் 800 கிலோ. சிறிய காரின் பழைய டயர் மலிவாகக் கிடைக்கிறதே என்று மாட்டுபவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீர் 1,000 கிலோ. ஒரே பெரிய தொட்டியை வைத்தால், நிறைந்திருக்கும்போது பிரச்சினை இல்லை. பாதி காலியான பிறகுதான் உள்ளே தண்ணீர் அலைந்து, பிரேக் பிடிக்கும்போது முன்னும் வளைவில் பக்கவாட்டிலும் எடையைத் தூக்கிப் போடும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைக்க முடியாது என்பதால், 500 லிட்டர் தொட்டிகள் இரண்டை முன்னும் பின்னுமாக வைப்பது மேல். அப்படி வைத்தால் பின்தொட்டியைத்தான் முதலில் காலி செய்ய வேண்டும். முன்தொட்டியை முதலில் காலி செய்தால் என்ன ஆகும் என்பதை நண்பர் தந்த அளவுகளிலேயே பாருங்கள். பின்தொட்டியின் மையம் இருசுக்கு ஓர் அடி பின்னால் விழுவதால், கொக்கியை அது 55 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். வெறும் வண்டியின் 420 கிலோவும் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டால், அது தரும் முன்பாரமோ 47 கிலோதான். இரண்டு தொட்டிகளின் குழாய்களையும் ஒன்றாக இணைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை என்று சிலர் நினைப்பார்கள்; அப்போது ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு இருக்கட்டும்.

வால்பாறைச்சாலை:

எல்லோரும் ஏற்றுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நிறுத்துவதைப் பற்றி நான் பேசுகிறேன். எங்கள் நிலம் மலையடிவாரச் சரிவில் இருப்பதால் இது எனக்கு அன்றாடக் கவலை. பத்தடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில் 1,500 கிலோ வண்டி ஏறத்தாழ 150 கிலோ விசையோடு டிராக்டரை முதுகில் தள்ளிக்கொண்டே வரும். சிறிய டிராக்டரில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே இருக்கிறது. நேராக இறங்கும்போது சமாளித்துவிடலாம். வளைவில் அந்தத் தள்ளல் பக்கவாட்டாக விழுந்து, டிராக்டர் டிரெய்லரோடு மடங்கிக்கொள்ளும். எங்கள் பகுதியில் இப்படி மடங்கிக் கவிழ்ந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாமே ஏற்றத்தில் தாராளமாக இழுத்துப் போன பாரங்கள்தான். இழுக்க முடிந்த பாரத்தையெல்லாம் நிறுத்தவும் முடியும் என்று நம்பக் கூடாது. சரிவு தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். நடுவழியில் கிளட்சை மிதித்தால் இன்ஜினின் பிடி போய்விடும்.

ஜீப் அச்சு வாங்குவதாகச் சொன்னீர்கள். அதில் எனக்குப் பிடித்தது பிரேக் டிரம் கூடவே வருவதுதான். அதைக் கழற்றி எறிந்துவிடாமல், கைப்பிரேக் வடம் இருந்தால் அதை ஒரு நெம்புகோலில் இணைத்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டும்படி அமையுங்கள். நிறுத்தி வைக்கும்போதும் அதுவே உதவும்.

கொக்கியின் உயரமும் முக்கியம். டிராக்டரின் பின் அச்சு மையத்தைவிட உயரமான இடத்தில், மும்முனை இணைப்பின் (கலப்பை போன்ற கருவிகளை மாட்டும் அமைப்பு) மேற்கையிலோ வேறு எங்கோ இழுவையை மாட்டினால், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கி டிராக்டர் பின்பக்கமாகப் புரளும். கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும்; இணைப்பு ஆணிக்குப் பூட்டு ஊசி போட வேண்டும்; ஆணி கழன்றாலும் வண்டி தனியே ஓடிவிடாதபடி ஒரு சங்கிலியும் வேண்டும்.

ஸ்பிரிங் பட்டை போடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. குண்டும் குழியுமான தடத்தில் பட்டை இல்லாத வண்டி சட்டத்தை உலுக்கி எடுத்துவிடும் என்பது என் கருத்து.

நாமக்கல்பட்டறை:

பிரேக் பற்றி அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்தே இல்லை. பட்டையைப் பற்றி மட்டும் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். தோப்புக்குள் ஓடும் வேகத்துக்கு டயரின் காற்றே போதுமான மெத்தை. பட்டை போட்டால் மேடை கணிசமாக உயரும். ஏற்றி இறக்கும் சிரமமும் கவிழும் வாய்ப்பும் கூடும். ஒரு பக்கம் பாரம் கூடினால் அந்தப் பக்கமே சாயும். தார்ச்சாலையில் வேகமாகவும் தொலைவாகவும் போகும் வண்டிக்குத்தான் பட்டை நியாயமானது. உலுக்கலுக்குப் பயந்தால் சட்டத்தின் மூலைகளுக்கு முக்கோணத் தகடு வைத்து வலுப்படுத்துங்கள். அது பட்டையைவிட மலிவு.

ஆனைமலைத்தோப்பு:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மேடையைத் தட்டையாகக் கட்டி, இரண்டு வகைப் பக்கச் சட்டங்களும் இரண்டு 500 லிட்டர் தொட்டிகளும் வைப்பதாக முடிவு செய்துவிட்டேன். எங்கள் நிலம் பெரும்பாலும் சமதளம் என்பதால் பட்டை போடவில்லை. இன்னும் மூன்று சந்தேகங்கள் உள்ளன. ஜீப் அச்சு நடுவில் உள்ள பல்சக்கரக் கூட்டோடு கனமாக இருக்கிறது; அதைக் கழற்றிவிடலாமா, அல்லது அந்த அச்சையே விட்டுவிட்டு 40 மி.மீ. சதுரக் கம்பியில் புதிதாக இருசு செய்துகொள்ளலாமா? எம்.சாண்டைக் கொட்டுவதற்கு மேடையைச் சாய்க்கும் வசதி வைப்பது வீட்டுப் பட்டறையில் சாத்தியமா? தோப்பிலிருந்து களத்துக்கு வர ஊராட்சிச் சாலையில் சிறிது தூரம் ஓட்ட வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிவு தேவையா?

ஓய்வுபெற்ற_பொறியாளன்:

சதுரக் கம்பி வளைவைத் தாங்கும் வலு அதன் பக்க அளவின் முப்படியைப் பொறுத்தது. 40 மி.மீ.யிலிருந்து 50 மி.மீ.க்குப் போனால் எடை ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. வலு ஏறத்தாழ இரு மடங்காகிறது. சக்கரத்தின் மையத்துக்கும் இருசைச் சட்டத்தோடு பிடிக்கும் இடத்துக்கும் இடையே 20 செ.மீ. இருக்கிறது என்று கொண்டால், ஒரு சக்கரத்துக்கு 670 கிலோ பாரத்தில் 40 மி.மீ. கம்பியில் சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 125 நியூட்டன் தகைவு (பாரத்தால் இரும்புக்குள் எழும் விசை) வரும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அது எளிதில் இரட்டிப்பாகும். சாதாரண மென் எஃகு வளைந்து நிலைத்துவிடும் எல்லையோ 250. ஆகவே 50 மி.மீ.க்குக் குறையாதீர்கள். பிடிப்பு இடத்தைச் சக்கரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

நாமக்கல்பட்டறை:

பிரேக் டிரம்மோடு வருவதால் என் ஓட்டு ஜீப் அச்சுக்குத்தான். ஆனால் பல்சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்பு அச்சைத் திறந்து பாருங்கள். சில அச்சுகளில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதே உள்ளே ஓடும் ஷாஃப்ட்தான். அதை உருவிவிட்டால் சக்கரமும் கூடவே வந்துவிடும். அப்படிப்பட்ட அச்சு என்றால் உள்ளே எதையும் தொடாமல், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (இன்ஜின் பக்கமிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் தண்டு) மாட்டும் வாயைத் தகடு வைத்து அடைத்து, ஆயில் ஊற்றி அப்படியே ஓட்டுங்கள். கனம் இருசின் மேலேயே இருப்பதால் கொக்கிக்கு அது பாரமில்லை. பேரிங்கைப் புதிதாகப் போட்டு, முதல் முறை பாரத்தோடு சிறிது தூரம் ஓட்டியதும் இறங்கி ஹப்பை (பேரிங் இருக்கும் சக்கர மையம்) கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் நட்டு அதிகமாக இறுகியிருக்கிறது, அல்லது கிரீஸ் போதவில்லை.

சாய்க்கும் வசதி சாத்தியம்தான். ஆனால் அதற்கு மேடைக்கு ஒரு சட்டம், அடியில் ஒரு சட்டம் என இரண்டு வேண்டும். எடை 100 கிலோவாவது கூடும். அந்த 100 கிலோவை ஒவ்வொரு நடையிலும் பாரத்திலிருந்து கழிக்க வேண்டும். டிராக்டரில் வெளி இணைப்புக்கு ஹைட்ராலிக் வாய் இல்லையென்றால் ஜாக்கியைக் கையால்தான் அடிக்க வேண்டும். அரை அடி மணலுக்கு அது தேவையில்லை. பின்பலகையை எடுத்துவிட்டு இரண்டு பேர் மண்வெட்டியால் இழுத்தால் வேலை முடிந்தது. தூக்கிய மேடைக்கு அடியில் தாங்கு கம்பி வைக்காமல் கையை நீட்டுபவர்களைப் பார்த்த பிறகு, கேட்டு வருபவர்களுக்குக்கூட நான் இதைச் செய்து தருவதில்லை.

வெல்டிங் கம்பி மழைக்கால ஈரம் ஏறியதாக இருந்தால் இருசுக்கும் இழுவைச் சட்டத்துக்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள். பக்கச் சட்டத்துக்கு ஜி.ஐ. குழாய் எடுத்தால், வெல்டு செய்யும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் நீக்கிவிட்டு, திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

வால்பாறைச்சாலை:

பதிவு பற்றி: சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓடும்வரை பிரச்சினை இல்லை. ஊராட்சிச் சாலையும் பொது இடம்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம். பொது இடத்தில் ஓட்ட அதற்குத் தனிப் பதிவும் காப்பீடும் வேண்டும். பதிவுக்குப் போனால் விற்பனைச் சான்றும் தயாரிப்பாளரின் தகுதிச் சான்றும், அதாவது படிவம் 21, 22 ஆகியவை கேட்பார்கள். வீட்டில் செய்த வண்டிக்கு இவற்றைத் தருவதற்கு ஆள் இல்லை. ஆகவே இரும்பை வெட்டுவதற்கு முன்பு உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் விசாரித்துவிடுங்கள். முடியாது என்று சொல்லிவிட்டால் இரண்டு வழிகள்தான் உள்ளன. களத்தைத் தோப்புக்குள்ளேயே அமைத்து இந்த வண்டியை வேலிக்குள் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரிடம் தட்டை மேடை வண்டியாக வாங்கி, பக்கச் சட்டங்களை மட்டும் வீட்டில் செய்துகொள்ளலாம்.

எந்த வழியானாலும் பின்னால் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டுங்கள். தேங்காய் பறிக்க வரும் ஆட்களை டிரெய்லரில் உட்கார வைத்து ஓட்டாதீர்கள். விபத்து நேர்ந்தால் அவர்களுக்காகக் காப்பீடு கேட்பது பெரும் வழக்காகிவிடும்.

ஆனைமலைத்தோப்பு:

தோப்பின் வடமூலையில் பழைய களம் ஒன்று சிதைந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்தால் சாலைக்கு வரவே வேண்டியதில்லை. அதற்கு எம்.சாண்ட் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, அலுவலகத்திலும் விசாரித்த பிறகு சேனல் வாங்கப் போகிறேன். ஜீப் அச்சைத் திறந்து பார்க்கக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஷாஃப்ட் எந்த வகை என்று தெரிந்ததும் இங்கே படத்தோடு பதிவிடுகிறேன்.